ஏன் விரலைக் குத்துகிறோம், அம்மா

லெஸ்டர்,
நவம்பர் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே மூவரும் நலம். யாழினி நேற்றிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். நீயும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

போனில் நீ கேட்டது மனதிலேயே நிற்கிறது. "மூத்திரத்தில் குச்சியை முக்கினால் கீட்டோன் தெரியுமாமே, ஏன்டி அந்தப் பிஞ்சு விரலைக் குத்துகிறீர்கள்?" என்றாய். பேத்தி மேல் உள்ள ஆற்றாமையில் கேட்டாய் என்று தெரியும். போனில் பேசினால் நான் பாதி, நீ பாதி என்று அழுதுவிடுவோம். அதனால்தான் கடிதம். அப்பாவையும் ஒருமுறை படிக்கச் சொல்.

முதலில், தினமும் குத்துவதில்லை. அவளுடைய சர்க்கரை வியாதிக்காக, ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க அவள் கையில் சென்சார் ஒட்டியிருக்கிறது. எண் என் போனுக்கே வந்துவிடும். ஆனால் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது ஊறும் கீட்டோன் என்ற பொருளை அது காட்டாது. வாந்தி, காய்ச்சல் என்று படுத்தாலோ, சர்க்கரை 14-ஐத் தாண்டி இறங்காமல் நின்றாலோதான் கீட்டோன் பார்க்கிறோம். இங்கே கணக்கு வேறு அம்மா, 18-ஆல் பெருக்கினால் நம்மூர் எண் வரும். 14 என்றால் 252.

நீ சஷ்டிக்குப் பட்டினி கிடக்கும்போது உன் உடம்பிலும் கொஞ்சம் கீட்டோன் ஊறும். சாப்பாடு இல்லாததால் உடம்பு கொழுப்பை எரிக்கிறது, அவ்வளவுதான். உன் உடம்பில் இன்சுலின் இருக்கிறது, அது அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும். யாழினிக்கு அந்தக் காவல் இல்லை. ஊசியில் போவது போதாமல் போனால் கீட்டோன் ஏறிக்கொண்டே போய் ரத்தமே அமிலமாகிவிடும். போன வருஷம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அதுதான் நடந்தது. வயிற்றுவலி, வாந்தி, வாயில் நெயில்பாலிஷ் அழிக்கும் திரவம் மாதிரி ஒரு வாடை, மேல்மூச்சு கீழ்மூச்சு. நான் சளி என்று நினைத்திருந்தேன்.

நீ சொன்ன குச்சியை நானும் வாங்கினேன் அம்மா. உன்னை மாதிரியேதான் எனக்கும் மனசு. ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் பார்க்கும் கருவியும் பட்டைகளும் இலவசமாகவே கொடுத்திருந்தார்கள். ஆனாலும் மருந்துக்கடையில் ஒரு டப்பா குச்சி வாங்கிக் குளியலறையில் வைத்தேன். முக்கி எடுத்து 15 வினாடி கழித்து டப்பாவின் மேலிருக்கும் நிறத்தோடு ஒப்பிட வேண்டும். தாத்தாவுக்காக நீ சோதனைக் குழாயில் நீலத் திரவத்தை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவாயே, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பாயே, அந்த ஞாபகம் வந்தது. அது சர்க்கரைக்கு, இது கீட்டோனுக்கு.

போன வாரம் பள்ளியில் வாந்திக் காய்ச்சல் பரவி இவளுக்கும் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு மூன்றாவது முறையாக எடுத்தாள். சர்க்கரை 11.4, பயப்படும் எண் இல்லை. குச்சியில் பார்ப்போம் என்று எழுப்பிக் கூட்டிப்போனால் மூத்திரமே வரவில்லை. உடம்பில் தண்ணீர் இருந்தால்தானே! ஒரு மணி நேரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுத்தபடி குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கொஞ்சம் வந்தது. குச்சியில் லேசான ரோஜா நிறம். இது ஒன்றுமில்லையா, ஆரம்பமா? அந்த மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எப்படிச் சொல்வது? அவர்தான் கருவியை எடுத்துவந்தார். கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, விரல் நுனியில் இல்லாமல் ஓரத்தில் ஒரு குத்து. அங்கே வலி குறைவு. ஒரு சின்னச் சொட்டு, 10 வினாடி. 1.8 என்று காட்டியது.

உடனே வார்டுக்குப் போன் செய்தோம். எவ்வளவு கூடுதல் இன்சுலின், எவ்வளவு நீர் என்று சொன்னார்கள், இரண்டு மணி நேரத்தில் மறுபடி பார்க்கச் சொன்னார்கள். 1.1 ஆனது. விடியும்போது 0.4. காலையில் அவள் போன மூத்திரத்தில் குச்சியை முக்கினால் கருஞ்சிவப்பு! ரத்தம் சரியாகிவிட்டது, குச்சி அப்போதுதான் அலறுகிறது.

மறுநாள் நர்ஸ் விளக்கியதும் புரிந்தது. மூத்திரப் பையில் பல மணி நேரமாகச் சேர்ந்ததைத்தான் மூத்திரம் காட்டும். அதோடு கீட்டோனில் வகைகள் உண்டு. நிலைமை மோசமாகும்போது பெருகுவது பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற வகை. குச்சிக்கு அது தெரியவே தெரியாது, அசிட்டோஅசிட்டேட் என்ற இன்னொன்றைத்தான் காட்டும். குணமாகும்போது முதல் வகை இரண்டாவதாக மாறுவதால் குச்சியின் நிறம் ஏறக்கூடச் செய்யும். அந்த நிறத்தை நம்பியிருந்தால் ராத்திரி தூங்கியிருப்பேன், காலையில் பதறியிருப்பேன். இரண்டுமே தப்பு.

ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றை அவர் இணையத்தில் காட்டினார். குத்தே வேண்டாம், மூச்சிலிருக்கும் அசிட்டோனை அளக்கும். உடம்பு இளைக்க டயட் இருப்பவர்களுக்குச் சரி, இவளுக்கு இன்சுலின் கொடுப்பதை அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டார். விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் நாங்கள் ஊருக்கு வரும்போது நீயும் கீட்டோன் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ரத்தக் கீட்டோனுக்கான இந்த எண்களை மட்டும் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டு. 0.6-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 1.5 வரை என்றால் இரண்டு மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். 3 வந்தால் யோசிக்காமல் ஆஸ்பத்திரி. எண் எதுவானாலும் சரி, வாந்தி நிற்காவிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, அசந்து அசந்து தூங்கினாலோ அப்போதும் ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று. "சாப்பிடவே இல்லையே, ஊசி எதற்கு?" என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சாப்பிடாவிட்டாலும் அவளுக்கு இன்சுலினை நிறுத்தவே கூடாது அம்மா. அளவு கூடும், குறையும். அதை டாக்டர் சொல்வார். அடியோடு நிறுத்தினால் கீட்டோன் ஏறிவிடும்.

பட்டைகளை இங்கிருந்தே கொண்டுவருகிறேன். ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்கும், காலாவதித் தேதி பார்த்துத்தான் எடுப்பேன். ஆனாலும் தீர்ந்துபோனால் என்ன செய்வது? ரத்தக் கீட்டோன் பட்டை கிடைக்குமா, வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று அப்பாவைக் கடையில் கேட்டுவைக்கச் சொல். கருவியின் பெயரைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மூத்திரக் குச்சி டப்பாவைத் தூக்கிப் போடவில்லை, கருவி கெட்டுப்போனால் அதாவது இருக்கட்டும். திறந்த ஆறு மாதத்தில் பழசாகிவிடும் என்பதால் மூடியில் தேதி எழுதியிருக்கிறேன்.

குத்தும்போது யாழினி அழுவதில்லை. எந்த விரல் என்று அவள்தான் சொல்வாள். போன வாரம் இடது கை மோதிர விரலை நீட்டினாள். "இது ஆச்சி மோதிரம் போட்ட விரல்" என்றாள்.

அன்புடன்,
உன் மகள்