ஆலயத் திருமணங்களுக்கு முதல்நாள் ஒத்திகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்தவ ஆலயக் கலியாணத்தில் மணப்பெண் வாசலிலிருந்து பீடம் வரை தட்டுத்தடுமாறி வந்தால், "பிள்ளைக்குக் கூச்சம்" என்று சொல்லிவிடுகிறோம். மணப்பெண் அலங்காரம் செய்கிற எங்களுக்கு அது கூச்சமாகத் தெரிவதில்லை. கோளாறு பெரும்பாலும் சப்பாத்திலும் சாறிக் கரையிலும் இருக்கிறது.

புதுச் சப்பாத்தைக் கலியாணத்தன்று காலையில்தான் பெட்டியை விட்டு எடுக்கிறார்கள். அதன் அடியும் வழவழப்பு, மினுக்கிய தரையும் வழவழப்பு. ஐந்து நாளைக்கு முன்னமே வீட்டுக்குள் தினமும் அரை மணித்தியாலம் போட்டு நடக்க வேண்டும். அடியை முற்றத்துச் சீமெந்தில் நாலு தரம் உரசிவிட்டால் பிடிப்பு வரும். மார்கழி, தை மழையில் என்றால் வாசலில் ஒரு சாக்கு கட்டாயம். குதி 2 அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்போம். ஊசிக் குதி கம்பளத்தில் புதைந்து அதையும் இழுத்துக்கொண்டு வரும்.

சப்பாத்தைப் போட்ட பிறகே சாறி உடுத்த வேண்டும். வெறுங்காலோடு உடுத்திவிட்டுக் குதிச் சப்பாத்தில் ஏறினால் கரை கணுக்காலுக்குப் போய்விடும். குதியோடு உடுத்திவிட்டு, கால் நோகிறதென்று கடைசியில் தட்டைச் செருப்புக்கு மாறினால் இன்னும் மோசம். மூன்றாம் அடியிலேயே கரையை மிதிப்பார். முன்கரை நிலத்திலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கட்டும். கொய்யகம் (முன்மடிப்பு) செருகிய இடத்திலிருந்து ஒரு சாண் கீழே, உள்பாவாடையோடு சேர்த்து உட்பக்கமாக ஒரு பின் குத்தினால் நடையில் விரியாது. நீளக் கவுண் என்றால் கையால் தூக்கத் தேவையில்லை. கால்விரல் நுனியால் முன்கரையை மெல்லத் தள்ளித் தள்ளி அடி வைக்க வேண்டும்.

வேகத்தையும் கணக்குப் பார்க்கலாம். நடுவழி 60 அடி நீளம் என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குலக் காலடியாக, விநாடிக்கு ஒன்று வைத்தால் 48 காலடி, 48 விநாடி. பதற்றத்தில் சாதாரண நடை நடந்தால் 15 விநாடியில் பீடத்தடியில் நிற்பார். பாடகர் குழாம் முதல் வரியைக்கூட முடித்திருக்காது. அதிகம் அவசரப்படுபவர் தகப்பன்தான். அவர் காலிலும் புதுச் சப்பாத்து! மகள் அவர் கையைக் கொளுவிக்கொள்ளாமல் முன்னங்கையின் மேல் உள்ளங்கையை வைத்தால், லேசாக அழுத்தியே அவரை மட்டுப்படுத்தலாம். பெண்வீட்டார் இடப்பக்க வாங்கில் என்றால் தகப்பனும் இடப்பக்கமாக வருவது நல்லது. கவுணின் வாலைக் கடக்காமல் தன் இடத்துக்குப் போவார்.

தகப்பன் இல்லாத பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தமும் 2004 சுனாமியும் நம் பகுதியில் எத்தனை வீட்டில் அந்த இடத்தை வெறுமையாக்கின. கடைசி நேரத்தில் ஒரு பெரியப்பாவைப் பிடித்து நிறுத்துகிறார்கள். ஒரு தரமும் சேர்ந்து நடந்திராத இருவர் எப்படி ஒத்து நடப்பார்கள்? தாய் கூட்டிவரலாம், அம்மான் கூட்டிவரலாம். கத்தோலிக்கத் திருமணச் சடங்குமுறை மணமக்கள் இருவரும் சேர்ந்தே பவனியாக வருவதையும் பெற்றோர் உடன் வருவதையும் இடமளித்துச் சொல்கிறது. தகப்பன் கைபிடிப்பது வழக்கம்தானே தவிர சட்டமில்லை.

கமராக்காரர் தம்பிமாருக்கு ஒரு வேண்டுகோள்: 12 அடியாவது தள்ளி நின்று பின்னோக்கிப் போங்கள். "இஞ்ச பாருங்க தங்கச்சி" என்று விளக்கைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் அந்தப் பிள்ளைக்குப் படி தெரியாது. கச்சான் காற்று வீசும் வெக்கைக் காலத்தில் முதல் வாங்கடியில் நிற்கும் பெரிய காற்றாடியையும் மணப்பெண் கடக்கும்வரை நிறுத்திவிடுங்கள். தலையில் போட்ட நெற் துணி முகத்தில் சுற்றும்.

அதிகாலை நாலு மணிக்கு அலங்காரத்துக்கு உட்காருபவர் வெறும் தேத்தண்ணியோடு வரக்கூடாது. வெறும் வயிறு, புழுக்கம், முழங்காலை இறுக்கி நேரே நிற்பது மூன்றும் சேர்ந்தால் தலைசுற்றும். முழங்காலைச் சற்றுத் தளர்த்தி நின்றால் போதும்.

புளியந்தீவு, தாண்டவன்வெளி, கல்முனை என்று எங்கும் ஆலய நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது முதல்நாள் மாலை ஒரு அரை மணித்தியாலம். மணப்பெண் அதே சப்பாத்தோடும் ஒரு பழைய சாறியோடும் வரட்டும். கூட்டிவருபவர், பூத்தூவும் பிள்ளைகள், கீபோட் வாசிப்பவர் எல்லாரும் இருக்கட்டும். இரண்டு தரம் நடந்து, மூன்றாம் தரம் பீடத்துப் படியில் மட்டும் ஏறி இறங்கிப் பார்க்கட்டும். அங்கே பூச்செண்டை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் முன்கரையை இரண்டு அங்குலம் தூக்க வேண்டும். அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

இப்படிக்கு,
மணப்பெண் அலங்காரத் தொழில் செய்வோர் சிலர்,
மட்டக்களப்பு.