டூரிங் கார் சீசனை ஊர் பார்க்கிற மாதிரி நடத்துங்கள்

இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ நிர்வாகிகளுக்கும் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். தேசிய கார் பந்தய சாம்பியன்ஷிப்பில், பந்தயத்துக்கென்றே கட்டிய ஒற்றை இருக்கை ஃபார்முலா வண்டிகளோடு சேர்ந்து, ரோட்டில் ஓடுகிற கார்களையே பந்தயத்துக்கு மாற்றி ஓட்டுகிற டூரிங் கார் பிரிவுகளும் ஓடுகின்றன. ஐடிசி (இந்தியன் டூரிங் கார்ஸ்), ஜூனியர் டூரிங், சூப்பர் ஸ்டாக், சலூன் கார் என்று அவற்றுக்குப் பல பெயர்கள். அந்தப் பிரிவுகளை சீசனின் முகமாக முன்னால் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஃபார்முலா வண்டிகள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக எஃப்1 ஓட்டியதும், கருண் சந்தோக் 2010-ல் அங்கே போனதும் அந்த வழியாகத்தான், அது இருக்கட்டும், வளரட்டும். ஆனால் இந்த ஊர் ஜனங்களைப் பந்தயத்துக்கு இழுத்துவரக் கூடியது அவர்கள் ரோட்டில் தினமும் பார்க்கிற கார்தான் என்பது என் உறுதியான நம்பிக்கை.

சென்னைக்குப் பக்கத்துச் சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். உலகப் போர்க்கால விமான ஓடுதளம், அதில் வைக்கோல் கட்டுகளும் கயிறும் மட்டும் தடுப்பு, சுற்றிலும் திருவிழாக் கூட்டம். அங்கே ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடின. பார்க்க வந்தவர்களில் கார் வைத்திருந்தவர்கள் ரொம்பக் குறைவு, ஆனாலும் அது டாக்டர் வீட்டு வண்டி, இது மில் முதலாளி வண்டி என்று அடையாளம் தெரியும், அதனாலேயே எந்த வண்டி முந்துகிறது என்பதில் ஆளாளுக்கு ஒரு கட்சி இருந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் வந்தது. பாதுகாப்பும் தரமும் கூடின, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கட்சி கட்டுகிற கூட்டத்தை நாம் கூடவே கூட்டிக்கொண்டு வரவில்லை.

டூரிங் கார் பந்தயத்தை ஒருமுறை டிராக் ஓரத்தில் நின்று பார்த்தவருக்கு நான் சொல்வது புரியும். பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்று வளைவுக்குள் நுழையும்போது உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு அப்படியே எழும்பி நிற்கும். வண்டி மூன்று காலில் திரும்பும். முன்சக்கரம் இழுக்கிற வண்டி இது, முன்டயர்களே திருப்பவும் வேண்டும், பெரும்பகுதி பிரேக்கையும் தாங்க வேண்டும், வளைவு முடிந்ததும் வண்டியை இழுத்துக்கொண்டும் போக வேண்டும். அதனால் மூக்கு சட்டென்று திரும்புவதற்காகப் பின்பக்கத்தை விறைப்பாக வைக்கிறார்கள், அந்த விறைப்புதான் சக்கரத்தைத் தூக்குகிறது. முதல் சில சுற்றுகளில் ஆவேசமாக ஓட்டி முன்டயரைத் தீர்த்துவிட்டவர் கடைசி இரண்டு சுற்றில் வளைவின் வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டே போவார், பின்னாலிருந்து பொறுமையாக வந்தவர் உள்ளே நுழைந்து கதவோடு கதவு உரசியபடி முந்துவார். மட்கார்டு நசுங்கும், பம்பர் தொங்கும், பந்தயம் நிற்காது. இரண்டு ஃபார்முலா வண்டிகள் சக்கரத்தோடு சக்கரம் முட்டிக்கொண்டால் பெரும்பாலும் இரண்டு பேர் பந்தயமும் அதோடு முடிந்துவிடும். டூரிங் காரில் சண்டை அங்கேதான் ஆரம்பமாகிறது.

அந்த வண்டிகள் யாருடையவை என்றும் யோசியுங்கள். மாருதி எஸ்டீம் தயாரிப்பு 2007-லேயே நின்றுபோனது, ஆனால் அதற்குப் பிறகும் பல வருஷம் அதே எஸ்டீம்கள் நம் டிராக்கில் ஓடிக்கொண்டிருந்தன என்றால் அதற்குக் காரணம் மெக்கானிக்குகள். கிடைக்காத பாகத்தைத் தேடிப் பிடித்து, தேடியும் கிடைக்காவிட்டால் லேத்தில் போட்டுச் செய்து, இன்ஜின் ஹெட்டை இறக்கி ஏற்றி, விடிய விடிய உட்கார்ந்து காலையில் தகுதிச்சுற்றுக்கு வண்டியை நிறுத்துகிறவர்கள். கோயம்புத்தூரில் இந்த வேலை ஒரு பரம்பரையாகவே இருக்கிறது. கரிவர்தன் என்ற பந்தயக்காரர் அங்கே மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியைக் கட்டினார். 1995-ல் விமான விபத்தில் அவர் போன பிறகும் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற டிராக் நிற்கிறது. அதே கோவையைச் சேர்ந்த அர்ஜுன் பாலு டூரிங் கார்களில் தேசிய சாம்பியன் பட்டத்தைத் திரும்பத் திரும்ப வென்றவர். ஒரு கிரிக்கெட் வீரர் மாநில அணிக்கு ஒரு மேட்ச் ஆடினாலே தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர் நம்முடையது, இவரை அவர் ஊரிலேயே நிறுத்தி யாரென்று கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? தப்பு ஜனங்கள் மேல் இல்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை.

இன்னொன்று, எனக்கு நிஜமாகவே ஆதங்கம் தருகிற விஷயம். இருங்காட்டுக்கோட்டை என்றால் பந்தயக்காரர்களுக்கு டிராக், மற்ற எல்லோருக்கும் ஹூண்டாய் ஆலை. அந்த ஹூண்டாய் கம்பெனியின் ஐ30 என் கார்தான் 2018-லும் 2019-லும் உலக டூரிங் கார் கோப்பையில் ஓட்டுநர் பட்டத்தைக் கொண்டுபோனது, முதல் வருஷம் டார்க்வினி, அடுத்த வருஷம் மிகேலிஸ். உலகத்தில் பட்டம் வாங்குகிற கம்பெனியின் ஆலை டிராக்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வருகிற தொழிலாளி கதவு மாட்டிய, வயரிங் இழுத்த கார் ஞாயிற்றுக்கிழமை பக்கத்து டிராக்கில் ஓடினால் அவர் தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரமாட்டாரா? ஃபோக்ஸ்வாகன் 2010-ல் போலோ கப் ஆரம்பித்தது, டொயோட்டா எட்டியோஸ் பந்தயம் நடத்தியது. கம்பெனி வரும்போது கூட்டமும் பளபளப்பும் வரும், கம்பெனி விலகினால் அதுவும் போய்விடும். அதனால் ஒரு கம்பெனியின் கோப்பையை நம்பிச் சீசனைக் கட்டாதீர்கள். ஒரே விதிப்புத்தகத்துக்குள் நாலைந்து கம்பெனி வண்டிகள் மோதுகிற ஐடிசி மாதிரியான பிரிவைப் பலப்படுத்திவிட்டு, அப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளின் கதவைத் தட்டுங்கள்.

சரி, ஜனங்கள் வருவார்களா என்று கேட்டால் அதற்குப் பதில் ஏற்கனவே கிடைத்துவிட்டது. 2023 டிசம்பரில் நடக்க வேண்டிய சென்னைத் தெருப் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி இரவில் நடந்தபோது, அண்ணா சாலைப் பக்கம் பந்தய வண்டி வருகிறது என்பதற்காகவே முன்பின் ரேஸ் பார்க்காதவர்களும் வந்தார்கள். அஜித்குமார் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த அன்று, பிட் ஸ்டாப் என்றால் என்ன, ஸ்டின்ட் என்றால் என்ன என்று டீக்கடையில் பேச்சு ஓடியது. அந்த ஆர்வம் இன்னும் ஆறவில்லை. அவர்கள் அடுத்து தேடுவது நம் ஊரில் எப்போது, எங்கே என்பதைத்தான்.

ஆகவே முதல் வேலை காலண்டர். சீசன் தொடங்குவதற்கு முன்பே எல்லாச் சுற்றுகளின் தேதியும் இடமும் அறிவிக்கப்பட்டு, அது மாறாமல் இருக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை சென்னைப் பக்கம் மழை எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அந்த மாதங்களைக் கோவைக்குக் கொடுத்தாலும் அங்கேயும் மழை உண்டு, அதனால் ஒரு மாற்றுத் தேதியைச் சேர்த்தே அறிவித்துவிடலாம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அன்று இரவே புள்ளிப்பட்டியல் வர வேண்டும். பந்தயம் முடிந்து வண்டியை எடைபோட்டு, இன்ஜினில் வைத்த முத்திரையைச் சரிபார்த்து, ஒருவரைத் தகுதிநீக்கம் செய்தால், எந்த விதி, என்ன காரணம் என்று நாலு வரி தமிழிலும் எழுதிப் போடுங்கள். சாயங்காலம் கைதட்டி அனுப்பிய வெற்றியாளர் மறுநாள் பட்டியலில் காணாமல் போனால் ரசிகனுக்கு என்ன நம்பிக்கை வரும்?

இரண்டு மூன்று பிரிவுகள் ஒரே கிரிட்டில், அதாவது ஒரே தொடக்க வரிசையில், கலந்து ஓடும்போது புதிதாக வருகிறவருக்குத் தலையும் புரியாது வாலும் புரியாது. ஏழாவதாக வருகிற வண்டி தன் பிரிவில் முதலாவது என்பதை அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முன்கண்ணாடியின் மேல்பட்டையைப் பிரிவுக்கு ஒரு நிறமாக வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. பிரிட்டனில் 1958 முதல் டூரிங் கார் சாம்பியன்ஷிப் நடக்கிறது. ஒரே நாளில் மூன்று பந்தயம், மூன்றாவதில் முன்னணியில் இருந்தவர்களைத் தலைகீழாகப் பின்னால் நிறுத்துகிறார்கள், அதோடு இலவசத் தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. அங்கே டூரிங் கார்தான் அந்த நாளின் பெரிய பந்தயம், ஃபார்முலா 4 அதற்குத் துணையாக ஓடுகிறது. அப்படியே நகலெடுக்கச் சொல்லவில்லை, ஆனால் எதைப் பெரிதாகக் காட்டுகிறோமோ அதைத்தான் ஜனங்கள் பெரிதாக நினைப்பார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட முடியாது. 2023 ஜனவரி 8 அன்று இருங்காட்டுக்கோட்டையில் சலூன் கார் பந்தயத்தில் கே.இ. குமார் உயிரிழந்தார். வயது 59. இன்னொரு காரோடு மோதி, டிராக்கை விட்டு விலகி, வேலியில் இடித்துக் கவிழ்ந்த வண்டி. பல காலம் இந்தப் பந்தயத்தோடு வாழ்ந்தவர். ஆபத்தில்லாத பந்தயம் கிடையாது என்பது ஓட்டுகிறவர்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். எந்த விபத்தானாலும் விசாரணையில் தெரிந்ததையும், அதனால் டிராக்கிலோ விதியிலோ என்ன மாறியது என்பதையும் எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிடுவதை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் ஏறப்போகிற அடுத்த தலைமுறை ஓட்டுநர்களின் அப்பா அம்மாவுக்கு இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறது.

கடைசியாக, செலவு அதிகம் பிடிக்காத மூன்று வேலைகள். டிராக்கிலும் நேரலையிலும் தமிழ் வர்ணனை வையுங்கள். வண்டி தெரிந்த, பேசத் தெரிந்த இளைஞர்கள் யூட்யூபில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களில் நல்லவர்களாகப் பார்த்து இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். பந்தய நாளில் பூந்தமல்லியிலிருந்து டிராக் வரைக்கும் ஒரு பஸ், மாநகரப் போக்குவரத்துக் கழகத்திடம் கேட்டுப் பாருங்கள். மதிய இடைவேளையில் ஐடிஐ மாணவர்களையும் பாலிடெக்னிக் மாணவர்களையும் வண்டிகளைத் தயார் செய்கிற பேடக்குக்குள் விட்டு, பானெட்டைத் திறந்து வைத்து மெக்கானிக்கையே பேச வையுங்கள். அடுத்த சீசன் காலண்டர் வெளியாகும்போது இந்த மூன்றில் ஒன்றாவது அதில் இருக்குமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
டூரிங் கார் பந்தய ரசிகர்களில் ஒருவன்