கொண்டி வாங்கக் கிளம்புமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடுகளைப் புதுப்பிப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கதவுக்கான பழங்காலக் கொண்டி (மாட்டும் கொக்கி), குமிழ், பூட்டு வேண்டுவோர் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போகலாம் என்று யோசனை சொல்லியிருந்தது. காரைக்குடிப் பக்கத்தில் தச்சு வேலை செய்பவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அந்தக் கடைக்காரர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் வாங்கி வைக்காவிட்டால் பாதிச் சாமான் எடைக்குப் போய் உருகியிருக்கும். ஆனால் அங்கே தொங்கும் வளையம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டுக் கதவு நிலையிலிருந்து பெயர்த்தது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. அப்படியிருந்தும் இங்கே பங்காளிகளுக்குள் ஒத்துவராத வீடுகள் கதவு கதவாக விலை போகின்றன. வெளியூரில் ஒரு வீடு அழகாவதற்கு இங்கே இன்னொரு வீடு மொட்டையாக வேண்டுமா?

வாங்கிப் போனாலும் சுலபத்தில் பொருந்தாது. பழைய இரட்டைக் கதவுகள் பல கீலில் தொங்குபவை அல்ல, மேலும் கீழும் குடுமி வைத்துக் குழியில் சுழல்பவை. குடுமி தேயத் தேயக் கதவு ஒரு நூல், இரண்டு நூல் இறங்கும். அதற்குத் தக்கபடி, கொண்டி மாட்டும் நாதாங்கியையும் இறக்கி அடித்திருப்பார்கள். வேறு வீட்டுக் கொண்டி இதில் எப்படி விழும்?

முதலில் உங்கள் கதவிலேயே தேடுங்கள். இரும்பு என்று நினைத்ததைச் சுரண்டினால், நாலைந்து தடவை அடித்த பச்சைப் பெயிண்டுக்கு அடியில் பித்தளை இருக்கும். அதை ஆசிட்டில் மட்டும் போட்டுவிடாதீர்கள். துத்தநாகம் அரித்துப்போய்ச் செம்பு நிறம் திட்டுத் திட்டாக மேலே வந்துவிடும். பெயிண்டை வெந்நீரில் ஊறவைத்து மரக்குச்சியால் எடுத்துவிட்டு, புளி போட்டுத் தேய்த்தாலே போதும். பஃபிங் மெஷினில் கொடுத்தால் பளபளக்கும், சித்திர வேலை மழுங்கிவிடும்.

ஜோடியில் ஒன்று காணவில்லை என்றால் இருப்பதை மாதிரியாகக் கொடுத்து வார்க்கச் சொல்லலாம். ஆனால் பித்தளை ஆறும்போது சுருங்கும். ஆறு அங்குலக் கொண்டி இரண்டு மில்லிமீட்டர் குறைந்து வரும், நாதாங்கியில் எட்டாது. மாதிரியின் மேல் மெழுகு ஏற்றிக் கனப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். தெரிந்த வார்ப்புக்காரர் சொல்லாமலே செய்வார்.

பூட்டுக்கும் அப்படித்தான். சாவி தொலைந்ததற்காகப் பூட்டையே தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இன்றும் கையால் அராவிச் செய்யப்படுவது. அந்தக் கை உள்ளவர் பழைய பூட்டைப் பிரித்து, உள்ளே சாவி தூக்கும் நெம்புகளைப் பார்த்துப் புதுச் சாவி அராவிவிடுவார். பட்டறைகள் குறைந்துகொண்டே வரும் தொழில் அது. பழம்பொருளுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு அங்கே போகட்டும்.

திருகு விஷயத்தில் எங்கள் ஆட்களையே திட்ட வேண்டும். பித்தளைச் சாமானை இரும்புத் திருகால் அடித்துவிட்டுப் போகிறார்கள். துருப்பிடித்துத் தேக்கு கறுத்துப்போகிறது. பித்தளைத் திருகு மென்மையானது, நேரே முறுக்கினால் தலை போய்விடும் என்பது உண்மைதான். அதே அளவு இரும்புத் திருகை ஒருமுறை ஏற்றிக் கழற்றி வழி பண்ணிக்கொண்டு, பித்தளையில் சோப்புத் தடவி ஏற்றினால் வெண்ணெயாக இறங்கும். ஐந்து நிமிட வேலைக்குச் சோம்பல்.

வீடு புதுப்பிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெயிண்டர் வருமுன் சாமான்களைக் கழற்றும்போது, எந்தக் கதவு, இடமா வலமா என்று சீட்டு எழுதி, திருகுகளோடு ஒரு துணியில் முடிந்து அந்தந்தக் கதவிலேயே கட்டிவிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டிக் கட்டினால், மறுபடி மாட்ட வரும் ஆசாரி இரண்டு நாள் கூலி கூடக் கேட்பார். நானும் கேட்பேன்.

இப்படிக்கு,
ஒரு தச்சர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.