எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய்

அன்புள்ள கயல்,

கைபேசியில் இடம் நிறைந்துவிட்டது, பாட்டின் தாளத்துக்கேற்பத் திரையைத் தட்டும் தாள விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கப் போகிறேன், எதை வைத்துக்கொள்வது என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். அதற்கு முன்னும் பின்னும் வேறு ஒரு சொல்லும் இல்லை. இருந்தாலும் கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் எழுதுகிறேன். நீ ஊருக்குப் புறப்படுவதற்கு முன் என் கைபேசியில் ஏற்றிக் கொடுத்த எல்லாவற்றையும் நான் இன்றும் விளையாடி வருகிறேன்.

முதலில் நீக்க வேண்டியது புராஜெக்ட் செகாய். 2020இல் ஜப்பானிலும் அடுத்த ஆண்டு இறுதியில் மற்ற நாடுகளிலும் வந்த அந்த விளையாட்டின் பாட்டுகளில் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஹட்சுனே மிக்கு பாடுவது கணினியில் இழைத்த குரல் என்று தெரிந்தும் சில பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். ஆனால் அதில் ஒன்றை அடுத்து ஒன்றாகப் போட்டிகள் நடந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு, அதற்குள் புள்ளி சேர்த்தால்தான் வரிசையில் முன்னால் நிற்கலாம். போதாததற்கு, குலுக்கல் முறையில் பாத்திரங்களின் அட்டை எடுக்கப் பணமும் கட்டலாம். உறங்க வேண்டிய நேரத்தில் ஒருவரை எழுப்பி உட்கார வைக்கும் இந்த ஏற்பாடு உனக்கு வேண்டாம்.

ஃபைகிராஸைப் பற்றி அவ்வளவு கடுமையாகச் சொல்ல மாட்டேன். சீனாவின் பீஜியன் கேம்ஸ் குழு 2019இல் வெளியிட்டது, காசு கேட்பதில்லை. ஆனால் தட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் கோடே நகர்ந்தும் சாய்ந்தும் சுழன்றும் போவதால் காதைவிடக் கண்ணுக்குத்தான் வேலை அதிகம். நாள் முழுவதும் கணினித் திரையைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு அது ஓய்வாக இருக்காது.

டீமோ அம்மாவுக்குப் பிடித்தது. தைவானின் ரேயார்க் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த அந்தப் பியானோ விளையாட்டில், ஒரு சிறுமி வீடு திரும்புவதற்காக, வாசிக்க வாசிக்க ஒரு மரம் வளர்கிறது. நான் விளையாடும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தச் சிறுமி வீடு போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று கேட்பாள்.

அதே நிறுவனத்தின் சைட்டஸைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகப் பேச ஆசைப்பட்டேன். ஒரு கோடு திரையில் மேலும் கீழுமாகப் போய்வருகிறது. அது திரையில் தோன்றும் வட்டத்தைக் கடக்கும் கணத்தில் தட்ட வேண்டும். கோடு ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் தாளத்தில் எத்தனை அட்சரம் என்று கை தானாகவே எண்ணத் தொடங்கிவிடுகிறது. 2012இல் வந்த முதல் சைட்டஸில் பாட்டு முழுவதும் கோட்டின் வேகம் மாறாது. 2018இல் வந்த இரண்டாவதில் நடுவிலேயே மாறும். காலப்பிரமாணம், அதாவது பிசகாத சீரான வேகம், கையில் நிற்பதற்கு முதலாவதைப் போல வேறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. நீ மிருதங்கத்தை விடாமல் இருந்திருந்தால் இதை என்னைவிட நன்றாக விளக்கியிருப்பாய்.

ஆனாலும் நீ வைத்துக்கொள்ள வேண்டியது ஆர்கேயாதான். 2017இல் லோவிரோ வெளியிட்ட அந்த விளையாட்டில் தரையில் நான்கு தடங்கள், அவற்றுக்கு மேலே வானம், இரு கைகளும் தொடர்ந்து வரைய வேண்டிய நீல வளைவும் சிவப்பு வளைவும் என்று எல்லாமே ஒரே நேரத்தில் வருகின்றன. தவறும்போது முந்தினாயா பிந்தினாயா என்றும் அது காட்டுகிறது. மிருதங்கத்தில் வாசிப்பை முடித்துவைக்கும் கோர்வை முடியும் இடத்தில் நீ எப்போதும் முந்துவாய். அதைச் சொல்லிச் சொல்லியே நான் உன்னிடம் பெயர் கெடுத்துக்கொண்டேன். அப்படிப்பட்டவள் ஒரு கடினமான பாட்டில் ஒரு தட்டுகூடப் பிசகாமல் ஒரு கோடிக்கு மேல் மதிப்பெண் எடுத்து, அதற்கு ஆர்கேயா தரும் ப்யூர் மெமரி என்ற பட்டத்தை வாங்கியிருக்கிறாய். அதை நண்பர் பட்டியலில் பார்த்து நான் அடைந்த பெருமை கொஞ்சமல்ல. எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா அன்று பாயசம் வைத்தாள்.

அந்தப் பட்டியலைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் காலையில் ஐந்தரைக்கு எழுந்து பார்க்கும்போது உன் பெயருக்கு நேரே சில நிமிடங்களுக்கு முன் ஆடிய பாட்டு இருக்கிறது. அப்போது ஹாம்பர்க்கில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. மதிப்பெண்ணும் பகலில் நீ எடுப்பதைவிடக் குறைவு. நான் காரணம் கேட்கவில்லை. சித்திரையில் மாடியில் பேசியதற்குப் பிறகு எதையும் கேட்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.

படுத்துக்கொண்டு, கைபேசியை ஏந்திக் கட்டைவிரல்களால் ஆடாதே. மேசையில் வைத்து ஆள்காட்டி விரல்களால் தட்டு. போன முறை வந்தபோதே வலது மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாய். கம்பி உள்ள இயர்போனை வாங்கிக்கொள். புளூடூத்தில் ஒலி நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேலும் பிந்தி வரக்கூடும், ஆர்கேயா முழு மதிப்பெண் தரும் இடைவெளியோ அதைவிடக் குறுகியது. தாமதத்தைச் சரிசெய்யும் அளவு அமைப்பிலேயே இருக்கிறது, ஆனால் இயர்போனை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. இரவு பன்னிரண்டுக்கு மேல் ஆடாதே, கயல். எந்த விளையாட்டை வைத்துக்கொண்டாலும் அதற்கு மேல் ஆடாதே.

சின்ன மாமா வீட்டு விஷயம், மாடி ஒழுகுவது, அத்தையின் கண் சிகிச்சை எல்லாவற்றையும் எழுத நினைத்திருந்தேன். அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

ஆர்கேயாவில் லிங்க் ப்ளே இருக்கிறது அல்லவா, வெவ்வேறு ஊரில் இருப்பவர்கள் ஒரே பாட்டைச் சேர்ந்து ஆடலாமே. இருவரிடமும் உள்ள பாட்டுகள்தான் வரும் என்பதால் நீ வாங்கிய தொகுப்பையே நானும் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை உனக்குப் பகல் பன்னிரண்டு மணி, எங்களுக்கு மூன்றரை. அதில் அறையைத் திறந்து அதன் குறியீட்டை அனுப்புகிறேன். பேச விருப்பம் இல்லாவிட்டாலும் வா. எளிய பாட்டாக நீயே தேர்ந்தெடு.

இப்படிக்கு,
அப்பா