தரிசு உளுந்தும் மாசி, பங்குனி வெப்பமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், குமராட்சி, புவனகிரி வட்டாரங்களில், நெல் வயலில் எஞ்சிய ஈரத்திலேயே வளரும் தரிசு உளுந்தின் விளைச்சல் குறையும்போதெல்லாம் ஈரப் பற்றாக்குறையும் மஞ்சள் தேமல் நோயும் மட்டுமே காரணங்களாகப் பேசப்படுகின்றன. ஆனால் செடி பச்சையாக நின்று, பூவும் நிறையப் பூத்து, காய் மட்டும் பிடிக்காத வயல்களில் முதலில் ஐயுற வேண்டியது பூக்கும் பருவத்து வெப்பத்தையே.

பயறு வகைகளில் இந்தப் பாதிப்பு பூ விரிவதற்குப் பல நாட்கள் முன்பே, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும்போதே தொடங்கிவிடுகிறது. மகரந்தப்பையின் உட்சுவரில் இருந்து துகள்களுக்கு ஊட்டமளிக்கும் திசு கடும் வெப்பத்தில் உரிய காலத்துக்கு முன்பே சிதைவதால் துகள்கள் மலடாகின்றன; சில மகரந்தப்பைகள் வெடிக்காமலே காய்ந்துவிடுகின்றன. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் உளுந்துக்கு, அந்த மகரந்தம் கெட்டால் வேறு வழியில்லை, பூ உதிர்ந்துவிடும். உதிர்ந்த பூவைப் பார்த்து இன்று மருந்து தேடுகிறோம், கேடு சென்ற வாரமே நடந்து முடிந்திருக்கிறது.

இதில் இரவு வெப்பத்துக்கும் பெரும் பங்குண்டு. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாகத்தில் காராமணியில் நடந்த ஆய்வுகள், இரவு வெப்பம் கூடினால் மகரந்தம் கெட்டுக் காய்பிடிப்பு குறைவதைத் தெளிவாகக் காட்டின. நம்முடையது கடலோர மாவட்டம். பிற்பகல் கடற்காற்று வெயிலைச் சற்றுத் தணித்தாலும், ஈரப்பதம் மிகுந்த இரவுகள் எளிதில் குளிர்வதில்லை. எனவே பகல் உச்ச வெப்பத்தை மட்டும் பார்த்துப் பயிர் தப்பியது என்று முடிவு செய்வது சரியன்று.

காய்பிடித்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. வெப்பத்தில் மணி முற்றும் காலம் சுருங்குகிறது, இலைகள் விரைவில் பழுக்கின்றன, விதைக்குச் சென்று சேரும் சர்க்கரை குறைகிறது, வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்ப்பதும் தளர்கிறது. விளைவாகக் காய்க்குள் சில மணிகள் மட்டுமே திரண்டு மற்றவை சப்பையாகின்றன. இத்தகைய சிறுத்த மணியை அடுத்த பட்டத்துக்கு விதையாக எடுத்துவைக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம் என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

தை முதல் பாதியில் விதைத்தால், முப்பது முப்பத்தைந்து நாட்களில் பூக்கும் உளுந்து மாசியின் மிதமான நாட்களில் காய்பிடித்துவிடும். கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வந்து சம்பா நடவு தள்ளிப்போனாலோ, நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளிக்க வேண்டிய விதையை பெல்ட் வண்டி (அறுவடை இயந்திரம்) வந்து போகட்டும் என்று நிறுத்திவைத்தாலோ, பூப்பருவம் பங்குனி வெயிலில் சிக்குகிறது. ஆகவே வட்டாரந்தோறும் அறுவடை இயந்திரங்களை முறைப்படுத்தி அனுப்புவதும், மார்கழிக்குள் விதையைக் கைக்குக் கொண்டுவருவதும் வெப்பத்துக்கு எதிரான முதல் பாதுகாப்பாகும். பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி உரக் கரைசலையோ, பூக்கும் தருணத்தில் ஒருமுறை ஏக்கருக்கு 2 கிலோ ‘பயறு ஒண்டர்’ என்ற ஊட்டச்சத்துக் கலவையையோ தெளிப்பது பூ உதிர்வைக் குறைக்கும். ஆனால் காலம் கடந்த விதைப்பை அவை ஈடுசெய்துவிடும் என்று விவசாயிகளை நம்பவைக்கக் கூடாது.

செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வேளாண் வானிலை அறிக்கையில், பயறு பூக்கும் வாரங்களில் இரவு வெப்பம் குறித்த எச்சரிக்கை தனியாக இடம்பெற வேண்டும். விளைச்சலை மதிப்பிட நடத்தும் பயிர் அறுவடைச் சோதனையில் மொத்த எடையோடு நூறு மணி எடையையும் பதிவு செய்தால், பூ உதிர்ந்ததால் வந்த இழப்பையும் மணி சிறுத்ததால் வந்த இழப்பையும் ஓரளவு பிரித்தறியலாம். கொண்டைக்கடலையில் வெப்பம் தாங்கும் ஜேஜி 14 என்ற ரகம் ஏற்கெனவே வந்திருக்கிறது. அதே நோக்கில் உளுந்து ரகங்களை வம்பனில் உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் நம் கடலோரத் தரிசு நிலங்களிலேயே, வேண்டுமென்றே தாமதமாக விதைத்துச் சோதிக்க வேண்டும்.

வெப்ப அலையை 2024-ஆம் ஆண்டு மாநிலப் பேரிடராக அறிவித்த தமிழக அரசு, அதனால் ஏற்படும் பயிர் இழப்பை மதிப்பிடவும் ஒரு முறையை வகுத்து, வரும் தைப் பட்டத்துக்கு முன்பே அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உளுந்து விவசாயி ஒருவர்,
காட்டுமன்னார்கோயில், கடலூர் மாவட்டம்.