மே 31-க்கு முன் ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். வருகிற மே 31 அன்று நான் கேரள அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறுவதைக் குறித்து, "56 வயதில் வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டிருந்தாய்; ஓய்வுக்கு வயது வரம்பே கூடாது என்றும் சொல்லியிருந்தாய். போனில் பேசினால் இருவருக்குமே குரல் உயர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பிறந்தது கார்த்திகை தீபத்தன்று என்று உன் பாட்டி சொல்வார். ஜூன் மாதம் பள்ளியில் சேர்க்க வயது நிறைய வேண்டுமென்று தலைமையாசிரியர் மே மாதத் தேதி ஒன்றை எழுதிக்கொண்டார். என் தலைமுறையில் பலருக்கும் இதே கதைதான். அதனால்தான் கேரளத்தில் ஆண்டுதோறும் மே 31 அன்று ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக ஓய்வு பெறுகிறோம். எனக்கு அரை வருடம் அந்தப் பேனா முனையிலேயே போயிற்று.

மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் 2020-இல் 59, மறு ஆண்டே 60 என்று உயர்த்தினார்கள். என்னைவிட ஒரு வயது இளைய உன் பொள்ளாச்சிச் சித்தப்பாவுக்கு இன்னும் ஐந்தாண்டு வேலை இருக்கிறது. ஆந்திரத்திலோ 62. அவ்வளவு ஏன், இங்கேயே 2013 ஏப்ரல் முதல் பங்களிப்பு ஓய்வூதியத்தில் சேர்ந்தவர்களுக்கு 60. எங்கள் வில்லேஜ் ஆபீசில் அடுத்த நாற்காலியில் அமர்ந்து, நான் புரட்டும் அதே தண்டப்பேர்ப் பதிவேட்டை, அதாவது நிலவரிக் கணக்குப் புத்தகத்தைப் புரட்டும் பெண்ணுக்கு ஒரு வரம்பு, எனக்கு ஒரு வரம்பு. இதில் நியாயம் இருப்பதாக நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் வரம்பே கூடாது என்கிறாயே, அதை ஏற்க இயலாது. நீ எல்.டி. கிளார்க் ரேங்க் லிஸ்டில், அதாவது இடம் காலியானால் அரசு எழுத்தர் வேலைக்கு அழைக்கப்படுவோர் பட்டியலில், இருந்தபோது, பாலக்காட்டு ஆபீஸ்களில் யார் எப்போது ஓய்வு பெறுகிறார்கள் என்று காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் குறித்து, ஒவ்வொரு பெயராக அடித்துக்கொண்டு வந்தவன் நான். 2022-இல் பொதுத்துறை நிறுவனங்களில் வயதை 60 ஆக்கிய உத்தரவு, இளைஞர்களின் எதிர்ப்பால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். லிஸ்ட் காலாவதியாகி நீ ஷார்ஜாவுக்குப் போனது வேறு விஷயம். இப்போது என் முறை வந்ததும் அநியாயம் என்று சொல்ல நாக்குக் கூசுகிறது.

தவிர, வரம்பு இல்லையென்றால், "உங்களுக்கு மறதி வந்துவிட்டது, போதும்" என்று யாரோ ஒரு மேலதிகாரி முகத்துக்கு நேரே சொல்ல நேரும்; அதற்குத் தேதியே மேல். எல்லோருக்கும் ஒன்றுபோல 60 என்று வைத்தால் எனக்குச் சம்மதம். ஓய்வூதியம் உள்ளவன் என்பதால் இப்படிப் பேசுகிறேன் என்பதும் தெரியும். கஞ்சிக்கோட்டில் ஆலை வேலையிலிருந்து 58-இல் நின்ற உன் மாமாவுக்கு வரும் பி.எஃப். பென்ஷன் மளிகைக்கே போதவில்லை. அவரிடம் இந்த நியாயத்தைச் சொல்ல எனக்கு வாய் வராது.

விடைபெறும் கூட்டத்துக்கென்று டிக்கெட் செலவு செய்து வராதே, ஓணத்துக்கு வா.

அன்புடன்,
அப்பா
கொழிஞ்சாம்பாறை