காரணம் எழுதும் கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுப் போனில் கோபித்துக்கொண்டாய். "அந்தப் பத்தாயிரத்துக்கு ஏன் அம்மா வெயிலுக்குள் அலையிறீங்கள், நான் அனுப்புறன்தானே" என்றாய். பதில் சொல்ல வாய் வரவில்லை. லைனும் விட்டு விட்டுத்தான் வந்தது. அதனால் எழுதுகிறேன், ஆறுதலாக வாசி.

அங்கவீனக் கொடுப்பனவு 5,000 ரூபாயாக இருந்த காலத்திலேயே நான் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருக்கிறது என்றார்கள். 2024 இல் அது 7,500 ஆனது, 2025 இல் 10,000 ஆனது. கொடுப்பனவு வளர்ந்துகொண்டு போகிறது, நான் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். அஸ்வெசும என்ற அரசாங்க உதவித்திட்டம் வந்தபிறகு வீட்டுக்கே வந்து பார்த்தார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சத்துக்குக் கட்டின கல்வீடு, ஒரு தண்ணீர் மோட்டர், வெளிநாட்டில் மகன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார்கள். மகன் என்று நான் கடைசியாகச் சொன்னதை நீ மனதில் வைத்துக்கொண்டு கவலைப்படாதே. அவர்களுடைய கணக்கு அப்படி.

இந்தமுறை கந்தோரில் இருந்தது ஒரு புதுப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், கதிரை எடுத்துப் போட்டாள். என் காலைப் பார்த்தபடியே, "காயப்பட்ட நேரம் தந்த வைத்தியத் துண்டு இருக்கா அக்கா?" என்று கேட்டாள். சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு அப்போது எட்டு வயது, ஞாபகம் இருக்குமோ தெரியாது. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள் குழி தோண்டி என் படங்கள், துண்டுகள், இயக்கத்தில் தந்த தகடு எல்லாவற்றையும் போட்டேன். மேலே மண் தள்ளினது நீதான். உன் பிறப்புச் சான்றிதழை மட்டும் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு கிடைத்த ஒரே கடதாசி, இயக்கத்தில் இருந்தவர்களைத் தடுத்து வைத்து விடும்போது அரசாங்கம் தந்த புனர்வாழ்வுச் சான்றிதழ். அதில் என் கால் இல்லை.

பிறகு படிவத்தில் ஒரு கட்டம், அங்கவீனத்துக்கான காரணம். போன இரண்டு தடவையும் "விபத்து" என்றுதான் எழுதினேன். அப்படி எழுதச் சொல்லித் தந்ததே முந்தி இருந்த உத்தியோகத்தர்தான். வீண் கரைச்சல் வேண்டாம் என்று அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எந்த விபத்து என்று ஒருவரும் கேட்கவுமில்லை.

போன மாதம் மாங்குளம் சந்தியில் தேத்தண்ணிக் கடையில் ஒருவரைக் கண்டேன். நாகதீப விகாரைக்குச் சிங்களச் சனம் போகிற பஸ் ஒன்று அங்கே நின்றது. அவர் இறங்கி வந்த நடையிலேயே எனக்கு விளங்கிவிட்டது, பொய்க்கால். அவருக்கும் என் நடை விளங்கியிருக்கும். புனர்வாழ்வில் படித்த என் சிங்களமும் அவருடைய அரைகுறைத் தமிழும் ஒரு தேத்தண்ணிக்குக் காணும். பழைய ஆமிக்காரர். தனக்கு மாதம் மாதம் வருகிறது, ஆனால் தன்னோடு நின்ற ஒருவன் பன்னிரண்டு வருடச் சேவை முடியமுன்னமே காயப்பட்டு விலகினதால் ஓய்வூதியம் இல்லாமல் கிடந்தான் என்றார். அப்படியானவர்கள் கொழும்பு கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் இருந்து போராடினதைச் சொன்னார். சொந்த அரசாங்கத்திடமே! எந்த இடத்தில் கால் போனது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணிக் காசை அவர் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த மனிதர்களுக்குக் கேட்க ஒரு இடமாவது இருக்கிறது. எனக்கு ஓய்வூதியம் தர ஒரு படையணியும் மிஞ்சவில்லை. அது தெரிந்துதான் இருக்கிறேன், அதை நான் கேட்கவுமில்லை. ஆனால் 1997 இல் ஆமி ஜெயசிக்குறு என்று பேர் வைத்து முன்னேறி வந்த நேரம் புளியங்குளத்தில் என் கால் போனது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் படிவத்தில் அது "விபத்து" என்று கிடக்கிறது. நீ அனுப்புகிற காசு மகன் அம்மாவுக்குத் தருவது, அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கேயாவது ஒரு கடதாசியில் அந்தக் கால் எப்படிப் போனது என்று சரியாக இருக்கட்டும் என்றுதான் போய் நிற்கிறேன். இந்தமுறை "யுத்தத்தில் காயம்" என்று எழுதினேன். அந்தப் பிள்ளை வாசித்துப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் முத்திரை குத்தினாள். இனி மெடிக்கல் போர்ட். அதற்கு எப்போது கூப்பிடுவார்களோ.

சரி, அதை விடு. கச்சான் விளைச்சல் இந்தமுறை பரவாயில்லை. ஆனால் பொய்க்காலில் மிச்சக்காலை வைக்கிற கிண்ணம் தளர்ந்துவிட்டது. சதை வற்ற வற்ற அப்படித்தான் ஆகும், புதிதாக அளவெடுக்க யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகவேண்டும். அதுவரைக்கும் துணி சுற்றித்தான் போடுகிறேன், புண் வருகிறது. அந்த நாளில் வெண்புறா செயற்கைக் கால் நிறுவனத்தில் போட்டுத் தந்த முதல் கால் சேற்றுக்குள்ளும் அசையாமல் நின்றது, அது தனிக் கதை. நீ காசு அனுப்ப நினைத்தால் அதற்குப் பதிலாக மிச்சக்காலுக்குப் போடுகிற பருத்திக் காலுறை நாலு சோடி அனுப்பு. சோடி என்றேன், எனக்கு ஒற்றை ஒற்றையாக எட்டு. கம்பளி வேண்டாம், இங்கே வெயில் தெரியும்தானே. முழங்காலுக்குக் கீழே சுற்றளவு முப்பது சென்றிமீற்றர்.

அம்மா